விளக்கைத் தத்தெடுத்த நகரம்

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பணியாளர்கள் தெருத்தெருவாகப் போய் விளக்குகளின் இணைப்பைத் துண்டித்தார்கள். விளக்குகள் பழுதாகவில்லை, மின்பற்றாக்குறையும் இல்லை. மாநகராட்சியிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். 24 ஆயிரத்துச் சொச்சம் தெருவிளக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருண்டது. கூடவே ஓர் அறிவிப்பும் வந்தது: உங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் விளக்கு எரிய வேண்டுமா? அதற்கான ஆண்டுச் செலவைக் கட்டிவிட்டு அதை நீங்கள் தத்தெடுத்துக்கொள்ளலாம்.

சிலர் தத்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி அன்றைய நகரமன்ற உறுப்பினர் ஒருவர் பின்னாளில் வானொலியில் சொன்னார். அந்த மனிதர் தம் தெருவிளக்குக்காகச் சுமார் 300 டாலர் கட்டியிருந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு வாக்கெடுப்புக்கு வந்த சொத்துவரி உயர்வை ஏற்றிருந்தால் அவருக்கு ஆகியிருக்கும் செலவு சுமார் 200 டாலர். அந்த 200 டாலரில் அவர் விளக்கு மட்டுமல்ல, ஊர் விளக்குகள் அனைத்தும் எரிந்திருக்கும்; பூங்காக்களுக்குத் தண்ணீர் போயிருக்கும்; பஸ்கள் ஓடியிருக்கும். உறுப்பினர் இதை எடுத்துச் சொன்ன பிறகும் அவர் மனம் மாறவில்லை. வரி உயர்வுக்கு அப்போதும் ஆதரவில்லை என்றே சொன்னார்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் கணக்குத் தெரியாதவர் அல்லர். 300 டாலர் கொடுத்தால் அது தம் ஜன்னலுக்கு வெளியே எரிவதை அவரால் ஒவ்வோர் இரவும் பார்க்க முடியும். 200 டாலரை மாநகராட்சியின் பொதுநிதியில் போட்டால் அது எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் அவர் நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்தார். தனிமனித உரிமையா, அரசின் பொறுப்பா என்ற பழைய வழக்கை ஒரு நகரமே சில ஆண்டுகள் தன் தெருக்களில் நடத்திப் பார்த்தது. அது எப்படி முடிந்தது என்பதைவிட, எந்த இடத்தில் அந்த மனிதரின் நியாயம் செல்லுபடியாயிற்று, எந்த இடத்தில் செல்லாமல் போயிற்று என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கொடையில் பிறந்த ஊர்

ராக்கி மலைத்தொடரின் பைக்ஸ் சிகரத்து அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த நகரம். 2010இல் மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1871இல் இதை நிறுவியவர் ரயில்வே அதிபரான ஜெனரல் வில்லியம் ஜாக்சன் பால்மர். ஊரின் பெரிய பூங்காக்கள் பல அவர் எழுதிக்கொடுத்த நிலத்தில் உருவானவை. செந்நிறப் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும் 'கார்டன் ஆஃப் தி காட்ஸ்' இன்னொரு ரயில்வே அதிபரான சார்லஸ் எலியட் பெர்கின்ஸுக்குச் சொந்தமாக இருந்தது. அவர் இறந்த பிறகு, 1909இல், அவருடைய பிள்ளைகள் 480 ஏக்கரை நகருக்குக் கொடுத்தார்கள். அது என்றென்றும் மக்களுக்கு இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்றும் அங்கே நுழைவுச்சீட்டு கிடையாது.

ஆகவே, 'தனிமனிதர்கள் தாமாகவே ஊருக்குச் செய்வார்கள், அரசு கட்டாயப்படுத்திப் பிடுங்க வேண்டியதில்லை' என்று இந்த ஊர்க்காரர்கள் சொன்னால் அது வெறும் கோஷம் அல்ல. அவர்கள் நடக்கும் பாதையே அதற்குச் சாட்சி. பூங்காவுக்கு நிலம் கொடுத்தவர்கள் அதில் ஆண்டுதோறும் புல் வெட்டவும் தண்ணீர் பாய்ச்சவும் கொடுத்துக்கொண்டே இருக்கவில்லை என்பதுதான் யாரும் யோசிக்காமல் விட்ட பகுதி.

இங்கே குடியேறியவர் டக்ளஸ் புரூஸ். வரிக்கு எதிரான அவருடைய பிரசாரத்தால் 1991இல் நகரமும் 1992இல் கொலராடோ மாநிலமும் சட்டத்தையே மாற்றின. 'டேபர்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வரிசெலுத்துவோர் உரிமைச் சாசனம் மாநில அரசமைப்பில் ஏறியது. மக்கள் வாக்களித்துச் சம்மதிக்காமல் எந்த வரியையும் உயர்த்த முடியாது. வருவாய் ஆண்டுக்கு எவ்வளவு வளரலாம் என்பதற்கும் உச்சவரம்பு. அதற்கு மேல் வசூலானால் மக்களிடமே திருப்பித் தர வேண்டும், அல்லது வைத்துக்கொள்ள அவர்களின் அனுமதி பெற வேண்டும்.

முதல் விதியில் எனக்குக் குறை தெரியவில்லை. கொடுப்பவரைக் கேட்டுவிட்டு எடுப்பது நல்ல பழக்கம். உச்சவரம்புதான் கோணல். மந்த ஆண்டில் வசூல் விழுந்தால் மறு ஆண்டின் வரம்பு விழுந்த இடத்திலிருந்தே கணக்கிடப்படும். ஊர் மீண்டாலும் அதன் கருவூலம் பழைய மட்டத்துக்கு ஏற எளிதில் வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரசு சிறியதாக இருக்க வேண்டும் என்று உரக்கச் சொன்ன இந்த ஊரின் பெரும் வாழ்வாதாரம் அமெரிக்க மத்திய அரசின் பணம். ஃபோர்ட் கார்சன் ராணுவத் தளம், அப்போது விமானப்படைத் தளங்களாக இருந்து 2021இல் விண்வெளிப்படைத் தளங்களான பீட்டர்சன், ஷ்ரீவர், விமானப்படைக் கல்லூரி, செயென் மலைக்குள் குடைந்த பாதுகாப்பு மையம் எல்லாம் இங்கே அல்லது அருகிலேயே இருக்கின்றன. நாடெங்கும் மற்றவர்கள் கட்டிய வரி இந்த ஊரில் சம்பளமாக இறங்கியது. ஊர்க்காரர்களை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. பொதுப்பணம் நன்றாகவே வேலை செய்யும்போது அது கண்ணில் படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எழுபது டாலர்

2 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு வீட்டுக்காரர் அப்போது மாநகராட்சிக்குக் கட்டிய சொத்துவரி ஆண்டுக்கு 70 டாலருக்கும் குறைவு. பள்ளிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் போகும் வரி தனி. மாநகராட்சியின் பொதுநிதியில் பாதிக்கு மேல் விற்பனை வரியை நம்பியிருந்தது. மக்கள் கடைக்குப் போனால் ஊருக்குக் காசு. 2008இல் பொருளாதாரம் சரிந்தபோது மக்கள் கடைக்குப் போவதைக் குறைத்தார்கள். சுமார் 21 கோடி டாலர் பொதுநிதியில் ஏறக்குறைய 2.8 கோடி டாலர் பள்ளம் விழுந்தது.

2009 நவம்பரில் சொத்துவரியைப் படிப்படியாக மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தும் யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது. 'மூன்று மடங்கு' என்ற சொல்லே அதைக் கொன்றிருக்கும். 70 டாலரின் மூன்று மடங்கு எவ்வளவு என்று யாரும் நிதானித்துக் கேட்கவில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் தலைமையகம் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக மாநகராட்சி நான்கு கோடி டாலருக்கு மேல் பொறுப்பேற்று ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. அதற்கு மக்களின் வாக்கைக் கேட்கவில்லை. பெரிய இடத்துக் காரியத்துக்குப் பணம் கிடைக்கிறது, தெருவிளக்குக்கு மட்டும் நம் பையில் கைவைக்கிறார்கள் என்று ஒரு சாதாரண வாக்காளர் நினைத்தால், அதைத் தன்னலம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது.

வெட்டு விழுந்தது. பூங்காக்களிலிருந்து குப்பைத்தொட்டிகளை அகற்றிவிட்டு, உங்கள் குப்பையை நீங்களே எடுத்துச் செல்லுங்கள் என்று பலகை வைத்தார்கள். புல்வெளிகளுக்குத் தண்ணீர் குறைந்தது. கோடைக்குள் அவை பழுப்பாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. மாலையிலும் வார இறுதியிலும் பஸ் இல்லை. அந்த நேரங்களில் வேலை முடிந்து திரும்புகிறவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. போலீஸ், தீயணைப்புப் பணியிடங்கள் நிரப்பப்படவில்லை. போலீஸ் ஹெலிகாப்டர்கள் இணையத்தில் ஏலத்துக்கு வந்தன. சாலைக்குப் புதிதாகத் தார் போட ஒரு காசும் ஒதுக்கவில்லை.

இருட்டின் செலவு

விளக்கை அணைத்ததில் மிச்சமானது சுமார் 12 லட்சம் டாலர் என்று மாநகராட்சி சொன்னது. அணைத்த விளக்குக்கும் பூமிக்கடியில் செப்புக்கம்பி போகிறது. மின்சாரம் ஓடும் கம்பியில் திருடன் கைவைக்க அஞ்சுவான். மின்சாரம் இல்லாத, இருண்ட தெருவின் கம்பியை வெட்டி இழுப்பதற்கு என்ன தடை? செப்புத் திருடர்கள் ஊரையே உரித்தார்கள். அதைச் சரிசெய்ய ஆன செலவு மிச்சம் பிடித்ததை விழுங்கி மேலும் கேட்டது.

தன்னார்வலர்கள் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அது இந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். பூங்காவில் குப்பை பொறுக்கினார்கள், தங்கள் புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பொது இடத்தில் புல் வெட்டினார்கள், நீச்சல் குளங்களை ஒய்.எம்.சி.ஏ. ஏற்று நடத்தியது, மூடவிருந்த சமூகக் கூடங்கள் சிலவற்றை நன்கொடை தாங்கிப் பிடித்தது. ஒரு வசந்தகாலத்துக்கு இது அழகாகவே இருந்திருக்கும். ஆனால் புல் அடுத்த மாதமும் வளரும்.

இந்த இடத்தில் எனக்கு நம் கல்வெட்டுகள் நினைவுக்கு வருகின்றன. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய ஒருவர் 96 ஆடுகள் கொடுப்பார். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டுவார்கள். ஆடுகள் சாகாதவை அல்ல, மூப்படையாதவையும் அல்ல. மந்தையை வாங்கிக்கொண்ட இடையர், செத்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து, எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அளந்தாரா என்று பார்க்க ஓர் அமைப்பு இருந்தது. கொடுத்தவர் ஒருவர்தான். ஆனால் விளக்கு எரிந்தது அவருடைய தாராளத்தால் மட்டும் அல்ல. அவர் போன பிறகும் கணக்குக் கேட்க ஆள் இருந்ததால். கொலராடோ ஸ்பிரிங்ஸில் தத்தெடுத்த விளக்குக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. ஆண்டு முடிந்ததும் பணம் கட்டியவர் வீடு மாற்றிக்கொண்டு போனால் கதை முடிந்தது. கட்ட முடியாதவர் தெருவில் கதை தொடங்கவே இல்லை.

பொருளாதாரம் தேறியதும் விளக்குகள் படிப்படியாகத் திரும்பின. நகர நிர்வாகத்தை ஒரு நிறுவனத்தைப் போல நடத்தினால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணத்தில் 2010இல் மக்கள் மேயருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த மேயர் ஸ்டீவ் பாக், நிலவணிகத் துறையைச் சேர்ந்தவர். அவருக்கும் நகரமன்றத்துக்கும் ஓயாத மோதல். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் அதிகம் இல்லை. சாலைகளில் குழிகள் மட்டும் பெருகின.

நூறு டாலருக்கு 62 சென்ட்

2015இல் ஜான் சதர்ஸ் மேயரானார். குடியரசுக் கட்சிக்காரர், மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். பதவிக்கு வந்த ஐந்தாம் மாதமே அவர் மக்களிடம் வரி கேட்டார். விற்பனை வரியில் 0.62 சதவீதம் கூடுதல், அதாவது நூறு டாலர் பொருளுக்கு 62 சென்ட். ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும். சாலைக்கு மட்டும். ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர். செலவைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழு.

ஆறு ஆண்டுகளுக்கு முன் மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்த அதே ஊரில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இப்போது சரி என்றார்கள்.

ஊர் மனம் மாறிவிட்டது என்று இதைப் பலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்த ஊர் முன்பும் வரி கொடுத்திருக்கிறது. 1997இல் நடைபாதைகள், திறந்தவெளி, பூங்காக்களுக்கென்று 0.1 சதவீத விற்பனை வரிக்கு வாக்களித்தார்கள். 2001இல் போலீஸ், தீயணைப்புக்கென்று 0.4 சதவீதம். இரண்டிலும் பணம் எதற்கு என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. 2009இல் கேட்டது மட்டும் பொதுநிதிக்கு. இவர்கள் கொடுக்க மறுத்தவர்கள் அல்லர், ஒப்படைக்க மறுத்தவர்கள். சதர்ஸ் இதைப் புரிந்துகொண்டார். பணம் வந்ததும் தார் போடுவதற்கு முன் சாலையோரத்துக் கல்வரம்புகளையும் வாய்க்கால்களையும் உடைத்துக் கட்டவைத்தார். நீர் ஓட வழியில்லாத சாலை இரண்டு மழைக்குத் தாங்காது. வாசலில் வேலை நடப்பதை மக்கள் பார்த்தார்கள்.

இங்கே முடித்திருந்தால் இது ஒரு நல்ல நிர்வாகக் கதை. விளக்கைத் தத்தெடுத்த மனிதரின் நியாயம் இதுவரை செல்லுபடியாகிறது. காட்டிவிட்டுக் கேள், தருகிறேன் என்கிறார் அவர். அரசு காட்டியது, அவர் தந்தார். கண்ணில் படாததற்கு என்ன செய்வது?

மழை வரி

கொலராடோ ஸ்பிரிங்ஸில் பெய்யும் மழை ஃபவுண்டன் ஓடையில் சேர்ந்து தெற்கே போகிறது. பியூப்லோ நகரில் அது அர்கன்சாஸ் ஆற்றில் கலக்கிறது. மேலே ஊர் வளர வளர, மண் இருந்த இடத்தில் கூரையும் தாரும் கான்கிரீட்டும் வந்தன. முன்பு மண்ணில் ஊறிய நீர் இப்போது ஒரே வீச்சில் ஓடைக்குப் பாய்ந்தது. கரைகள் அரித்தன, வண்டலும் கழிவும் கீழே இறங்கின. மேலூரில் வீடு கட்டியவருக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் பியூப்லோவில் ஓடைக்கரையில் இருப்பவருக்கு. அவருக்கு மேலூர் வாக்கெடுப்பில் வாக்கு இல்லை.

மழைநீர் வடிகாலுக்கென்று மாநகராட்சி 2005இல் தனி அமைப்பு தொடங்கி, 2007இலிருந்து கட்டணம் வசூலித்தது. டக்ளஸ் புரூஸ் அதற்கு வைத்த பெயர் 'மழை வரி'. வானத்திலிருந்து விழும் நீருக்கும் காசா என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும். வசூல் மழைக்கு அல்ல, மழையை வழிமறித்த கூரைக்கும் தாருக்கும் என்பதை அந்தப் பெயர் மறைத்துவிட்டது. 2009 நவம்பரில், சொத்துவரி உயர்வு தோற்ற அதே நாளில், இந்தக் கட்டணத்தைக் குறிவைத்து அவர் முன்வைத்த இன்னொரு யோசனை வென்றது. அதையே காரணமாகக் கொண்டு நகரமன்றம் மழைநீர்க் கட்டணத்தைக் கைவிட்டது.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான் பியூப்லோ மாவட்டம் மேலூருக்கு ஒரு பெரிய அனுமதி கொடுத்திருந்தது. பியூப்லோ நீர்த்தேக்கத்திலிருந்து மேலே கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்த் திட்டம் அது. சுமார் 82 கோடி டாலர் வேலை. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நீங்கள் திருப்பி அனுப்பும் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துங்கள் என்பது அனுமதியின் சாரம். ஏழே மாதத்தில் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் பணத்தின் ஊற்றையே மேலூர் அடைத்துவிட்டது. குழாய் வேலை மட்டும் நிற்கவில்லை.

2012 ஜூனில் வால்டோ பள்ளத்தாக்கில் காட்டுத்தீ. 346 வீடுகள் எரிந்தன, இருவர் இறந்தார்கள். தீயில் வெந்த மலைச்சரிவு தண்ணீரை உறிஞ்சாது. அடுத்த ஆண்டு மழையில் பக்கத்து ஊரான மானிட்டூ ஸ்பிரிங்ஸுக்குள் கறுப்புச் சேறு வெள்ளமாக இறங்கியது. வடிகாலின் அருமை தெரிய இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் 2014 நவம்பரில் வட்டாரம் முழுவதற்குமான மழைநீர் ஆணையம் ஒன்றை அமைத்துக் கட்டணம் வசூலிக்கும் யோசனை வாக்கெடுப்பில் தோற்றது.

நான் மிகவும் யோசித்தது இந்தத் தோல்வியைப் பற்றித்தான். சாலைக்குழியில் என் காரின் சக்கரம் இறங்குகிறது. விளக்கு இல்லாவிட்டால் என் மகள் இருட்டில் நடக்கிறாள். வடிகால் என் காலுக்கடியில் இருக்கிறது. அது கெட்டால் அழுவது எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர். விளக்கைத் தத்தெடுக்கலாம், வடிகாலை யார் தத்தெடுப்பார்? என் வீட்டுக்கு முன்னால் ஓடும் நாற்பது அடி வடிகாலை மட்டும் நான் நன்றாக வைத்துக்கொண்டால், அடுத்த வீட்டில் அடைத்துக்கொண்டு அந்த நீரும் என் வாசலுக்கே திரும்பும். அதை முழுவதும் கட்டினால்தான் அது வடிகால். காட்டிவிட்டுக் கேள் என்ற அந்த மனிதரின் நியாயத்துக்கு இங்கே பிடிமானம் இல்லை. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை; பாதிக்கப்படுகிறவர் கேட்கும் இடத்திலும் இல்லை.

ஆகவே வேலை வாக்குச்சீட்டால் நடக்கவில்லை, நெருக்கடியால் நடந்தது. குழாய்த் திட்டம் முடிந்து நீர் திறக்க வேண்டிய 2016ஆம் ஆண்டில் பியூப்லோ மாவட்டம் தன் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசியது. 20 ஆண்டுகளில் 46 கோடி டாலர் மழைநீர் வேலைகளுக்குச் செலவிடுவதாக மேலூர் எழுதிக்கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் முகமையும் மாநில அரசும், தூய்மை நீர்ச் சட்டத்தை மீறியதாக நகரின் மீது வழக்குத் தொடுத்தன. பியூப்லோ மாவட்டமும் அதில் சேர்ந்துகொண்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, நகரம் சட்டத்தை மீறியது உண்மைதான் என்று நீதிமன்றம் சொன்னது.

ஊருக்குள் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுப்பது நல்லது என்று மேலே சொன்னேன். அதை இப்போதும் சொல்கிறேன். ஆனால் ஓடையின் இரு முனைகளும் ஒரே ஊருக்குள் இல்லாதபோது, இரண்டுக்கும் மேலே ஒரு சட்டமும் அதை நடத்த ஓர் அரசும் இல்லாவிட்டால், கீழூர்க்காரரின் ஒரே உரிமை சேற்றை அள்ளுவதுதான்.

ஒப்புக்கொண்ட 46 கோடிக்கான தவணை பொதுநிதியிலிருந்து போகத் தொடங்கியது. போலீஸுக்கும் தீயணைப்புக்கும் போக வேண்டிய பணம் மண்ணுக்கடியில் போனது. 2017 நவம்பரில் சதர்ஸ் மழைநீர்க் கட்டணத்தை மீண்டும் மக்கள் முன் வைத்தார். வீட்டுக்கு மாதம் 5 டாலர், மற்ற கட்டடங்களுக்கு ஏக்கருக்கு 30 டாலர், 20 ஆண்டுகளுக்கு. இந்த முறை அவர் வடிகாலைப் பற்றி அதிகம் பேசவில்லை. கட்டணம் வந்தால் பொதுநிதியில் இடம் கிடைக்கும், அதில் நூறு போலீஸ்காரர்களைக் கூடுதலாக எடுக்கலாம் என்றார். வடிகாலுக்காகக் கேட்டபோது கிடைக்காத சம்மதம் போலீஸுக்காகக் கேட்டபோது கிடைத்தது, அதுவும் 54 சதவீத அளவில்.

அதில் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை. கீழூரில் கரை இழந்தவரின் பெயர் அந்தப் பிரசாரத்தில் ஏறாமலேயே அவருக்கான வேலை நடக்கிறது. நடக்கிறது என்பதே பெரிது என்றும் படுகிறது. 2018 ஜூலையில் கட்டணம் அமலுக்கு வந்தது.

சாலை வரியின் ஐந்து ஆண்டுக் கெடு நெருங்கியதும் 2019 நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. முன்பைவிடச் சற்றுக் குறைத்து 0.57 சதவீதம் கேட்டார்கள், மக்கள் கொடுத்தார்கள். வடிகால் கட்டணத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்கான கெடு முடியும்போது அந்த மனிதரின் தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், சாலையும் ஒருவேளை நன்றாகவே இருக்கும். அப்போது அவரிடம் காட்டுவதற்கு மேயர்கள் என்ன வைத்திருப்பார்கள் என்பதை ஃபவுண்டன் ஓடையின் கீழ்முனையில் இருப்பவர்கள் இப்போதே யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்.